இந்திராணியின் கட்டைவிரல்

உட்காருங்க தம்பி. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்குங்க. சத்தமாவே பேசலாம், இந்திராணி தூங்கல. கண்ணை மூடியிருக்கா, அவ்வளவுதான். நான் பேச ஆரம்பிச்சா அப்படித்தான் மூடிக்குவா. வீட்டுக்காரன் குரல் கேட்டா ஒரு நிம்மதி பாருங்க.

மதுரையிலேர்ந்து நர்ஸம்மா போன் பண்ணினாங்க. "சங்கரன்கோயில் பையன் ஒருத்தன் சார், அவங்க அண்ணன் சாரத்துலேர்ந்து விழுந்து தலையில அடி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க, என்ன செய்யிறதுன்னு தெரியாம நிக்கிறான், ராஜபாளையத்துக்கு அனுப்பட்டுமா"ன்னு கேட்டாங்க. அனுப்புங்கன்னேன். நான் நின்னப்ப எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்ல.

அண்ணன் கண்ணைத் திறந்துட்டாரா? திறந்துட்டாரா... சரி. அப்ப அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க, கண்ணைத் திறந்தா சந்தோஷப்பட்டுறாதீங்க. நான் பட்டேன். ஐ.சி.யூ. வாசல்ல இருந்த அத்தனை பேருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். செக்யூரிட்டிக்குக்கூட. அப்புறம் ஒரு சின்ன டாக்டர், மீசைகூடச் சரியா முளைக்கல, என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "சார், கோமான்னா கண்ணே திறக்காது, எவ்வளவு கிள்ளினாலும். அந்த நிலைமை சில வாரத்துக்கு மேல நீடிக்கிறது அபூர்வம். ஒண்ணு போயிருவாங்க, இல்ல கண்ணைத் திறப்பாங்க. கண்ணு திறந்தா முழிப்பு வந்துருச்சுன்னு அர்த்தம். நினைவு வந்துருச்சுன்னு அர்த்தம் இல்ல"ன்னாரு. முழிப்பு வேற, நினைவு வேறயாம். எனக்குக் கோவம் வந்துருச்சு. முழிச்சிருக்கிறவளுக்கு நினைவு இல்லைன்னா என்னய்யா அர்த்தம்? கையில இருந்த மைசூர்பாகு டப்பாவை அவர் மேசையிலயே வெச்சிட்டு வந்துட்டேன்.

ஆனா அவர் சொன்னதுதான் சரி. பகல்ல கண்ணைத் திறந்திருப்பா, ராத்திரி மூடியிருப்பா. கொட்டாவி விடுவா. பல்லை நறநறன்னு கடிப்பா. நான் முன்னாடி போய் நின்னா, எனக்குப் பின்னாடி இருக்கிற சுவத்தை என் வழியாப் பாப்பா. கண்ணாடி ஜன்னலை நாம பாக்குறோமா? வெளியத்தானே பாக்குறோம். அந்த மாதிரி.

எப்படி ஆச்சுன்னு கேக்குறீங்களா? ஸ்கூட்டிதான். நான் ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசர். வேலை நேரத்துல போன் எடுக்க மாட்டேன், எடுத்தா நமக்குக் கீழ இருக்கிறவன் எடுப்பான். அன்னைக்கு மூணு நாலு தடவை அடிச்சிருக்கு. அப்புறம் வாட்ச்மேனே உள்ள ஓடி வந்துட்டாரு. சத்திரப்பட்டி ரோட்டுல, வளைவுல, கரும்பு ஏத்தின டிராக்டர். ஹெல்மெட் போட்டிருந்தா, ஆனா வாரை மாட்டல. நான் நூறு தடவை சொல்லியிருக்கேன் வாரை மாட்டுன்னு. நான் எது சொன்னாலும் பாதிதான் செய்வா.

வண்டியில ஒரு பை இருந்துச்சு. அதுல நாலு சேலை, பிரஷ், பிரஷர் மாத்திரை, மூக்குக்கண்ணாடி. போலீஸ்காரர் என்கிட்ட, "ஊருக்குக் கிளம்பினாங்களா சார்?"ன்னு கேட்டாரு. இல்லையே, என்கிட்டச் சொல்லாம எங்க போவான்னேன். அவ தங்கச்சி கற்பகம் சிவகாசியில இருக்கா. தையல் கடை. அங்க ஏதாவது விசேஷமா இருக்கும், சொல்ல மறந்திருப்பான்னு நினைச்சேன். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். கற்பகம் வேற மாதிரி சொல்றா. "அக்கா என்கூடவே வந்துர்றேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினா அத்தான்"ங்கிறா. ஆஸ்பத்திரி வராந்தாவுல, அத்தனை பேர் முன்னாடி சொல்றா. புருஷன் பொண்டாட்டிக்குள்ள நாலு வார்த்தை வரத்தான் செய்யும் தம்பி. தங்கச்சி கடையில போய் உக்காரணும்னு கொஞ்ச நாளாக் கேட்டுக்கிட்டிருந்தா. நமக்குப் பிள்ளையும் இல்ல, சாயங்காலம் நான் வந்தா காபி போட ஆள் வேணும், வேண்டாம்னேன். முந்தின நாள் கொஞ்சம் பேச்சு வளர்ந்துபோச்சு. வாசப்படி தாண்டினா திரும்பி வராதேன்னேன். அது பேச்சுக்குச் சொல்றது. எல்லாரும் சொல்றதுதானே? சரி, சொன்னேன்னே வெச்சுக்குங்க. திரும்பிக் கூட்டிட்டு வந்தது யாரு? நான்தானே. தூக்கிட்டு வந்தேன் தம்பி, இந்த ரெண்டு கையில.

மூளை வீங்கிருச்சு. இடம் பத்தாதுன்னு மண்டை எலும்புல ஒரு பக்கத்தை எடுத்து, அது கெடாம இருக்க வயித்துத் தோலுக்கு அடியில வெச்சுத் தைச்சாங்க. வீக்கம் வத்தினப்புறம் எடுத்துத் திரும்ப மாட்டினாங்க. தொண்டையில ஓட்டை போட்டாங்க, மூச்சுக்கு. மூக்குல டியூப், சாப்பாட்டுக்கு. அப்புறம் வயித்துலயே நேரா ஒரு டியூப் வெச்சிட்டாங்க. உங்க அண்ணனுக்கும் வயித்துல வெக்கச் சொன்னா யோசிக்காதீங்க, மூக்கு டியூப் நாள்பட்டா புண்ணாயிரும். சளி உறியிற மெஷின் வாடகைக்கே கிடைக்கும். நர்ஸ் வெக்காதீங்க. வெச்சேன், ஒரு வாரம். தலையைச் சீவி, நெத்தியில பொட்டு வெச்சு, ரேடியோ போட்டு, ஒரே சிரிப்பும் பேச்சும். நோயாளி இருக்கிற வீடா இது? போகச் சொல்லிட்டேன். மில்லுல விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துட்டு நானே பாக்குறேன். படுக்கைப்புண் ஒண்ணு கிடையாது. வந்து பாருங்க, முதுகைப் பாருங்க, வேணாமா, சரி. டாக்டரே ஆச்சரியப்பட்டாங்க. கால் பாதம் தொங்கிறக் கூடாதுன்னு கட்டை வெச்சுக் கட்டுறேன், விரல் மடங்கிறக் கூடாதுன்னு துணியைச் சுருட்டிக் கையில வெக்கிறேன். தினமும் கேப்பைக் கஞ்சி. முன்னாடியெல்லாம் கேப்பைன்னாலே முகத்தைச் சுளிப்பா. இப்ப டியூப்லதானே, போறது தெரியாது. உடம்பு தேறியிருக்கு.

வெளிய சொல்லாதீங்க, கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வீட்டுல சண்டை இல்லாம இருக்கிறது இப்பத்தான்.

அழுகுறீங்களா? அழுகாதீங்க தம்பி. தண்ணி குடிங்க. அழுது ஒண்ணும் ஆகப்போறதில்ல. நானும் மோட்டார் ரூம்ல போய் நின்னு அழுதிருக்கேன், மோட்டாரைப் போட்டுவிட்டுட்டு. யாரைக் கேக்குறது சொல்லுங்க? டாக்டரைக் கேட்டா "பாக்கலாம்"ங்கிறாங்க. சாமியைக் கேட்டா அதுவும் பேச மாட்டேங்குது. இவளைக் கேட்டா... இவளைக் கேட்டா என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

முதல் வருஷம் முடியிறப்ப மதுரையில சொல்லிட்டாங்க, இனிமே இவ்வளவுதான்னு. பேப்பர்ல ஏதோ பேரு எழுதினாங்க. உணர்வில்லாத விழிப்புன்னு அர்த்தம் சொன்னாங்க. அப்புறம்தான் எஸ்தர் டாக்டரம்மாகிட்ட போனேன், இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே தனியாப் பாக்குறவங்க. அவங்க பேப்பரை மடிச்சு வெச்சிட்டாங்க. "ஒரு தடவை பாத்துட்டு நினைவு இல்லைன்னு எழுதக் கூடாது சார். காலையில பாக்கணும், சாயங்காலம் பாக்கணும், வயிறு நிறைஞ்சப்ப, தூங்கி எந்திரிச்சப்ப, வேற வேற நாள்ல பாக்கணும். நினைவு வந்து வந்து போகும். போயிருக்கிற நேரத்துல பாத்துட்டு, இல்லவே இல்லைன்னு நிறையப் பேரை எழுதிடுறாங்க"ன்னாங்க. வலிப்பு மாத்திரையைக் குறைச்சாங்க, அது ஆளை அமுக்கி வெச்சிருக்குன்னு. அதையும் கேட்டுக்குங்க, அண்ணனுக்கு என்ன மாத்திரை போகுது, எது தூங்க வெக்குதுன்னு கேளுங்க. தைரியமாக் கேளுங்க.

ரெண்டு வாரம் அங்கயே படுக்க வெச்சுத் தினமும் சோதனை. ஒரு நாள் டாக்டரம்மா மேசையிலேர்ந்து கைக்கண்ணாடி ஒண்ணை எடுத்தாங்க, நம்ம வீட்டுப் பொம்பளைங்க பொட்டு வெக்கிறதுதான். வேண்டாம் டாக்டர்ன்னேன். நான் வீட்டுல கண்ணாடியெல்லாம் கழட்டிட்டேன் தம்பி, பீரோவுல இருக்கிறதுக்கு மேல பேப்பர் ஒட்டிட்டேன். மண்டையில மேடு பள்ளமும் தையல் தழும்புமா அவளே அவளைப் பாக்கணுமா? டாக்டரம்மா, "ஒரு நிமிஷம் சார்"ன்னு சொல்லி அவ முகத்துக்கு நேரா பிடிச்சு, மெதுவா இடது பக்கம் நகர்த்தினாங்க. கண்ணு கூடவே போச்சு. வலது பக்கம். கூடவே வந்துச்சு. மேல. மேல பாத்தா. நாங்க கையை ஆட்டி, விளக்கு அடிச்சு, பேனாவைக் காட்டி, எதுக்கும் அசையாத கண்ணு. கண்ணாடியில தெரியிற அவ முகத்துக்குப் பின்னாடியே அலையுது. "பாத்தீங்களா? மத்ததை விட்டுடுறவங்ககூடச் சொந்த முகத்தை விடமாட்டாங்க. உள்ள இருக்காங்க சார்"ன்னாங்க டாக்டரம்மா.

உள்ள இருக்காங்க. அந்த வார்த்தையைக் கேட்டதும் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டேன்.

நானும் என் பங்குக்குச் சொன்னேன். "டாக்டர், நான் பேசினாலே கண்ணை மூடிக்குவா. நிம்மதியா மூடிக்குவா."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே டாக்டர். அடுத்த நிமிஷமே."

"வேற யாரு பேசினாலும்?"

"இல்ல. எனக்கு மட்டும்தான்."

அவங்க அதை நோட்டுல எழுதிக்கிட்டாங்க. "இது நல்ல அறிகுறிதானே?"ன்னு கேட்டேன். "அறிகுறிதான் சார்"ன்னாங்க. "ஒரு ஆளுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஒண்ணைச் செஞ்சா அது தற்செயல் இல்ல"ன்னாங்க. பாத்துக்குங்க, முதல் அறிகுறியைக் கண்டுபிடிச்சவன் நான்தான்.

அப்புறம் டாக்டரம்மா, வேற சொந்தக்காரங்க குரலும் கேக்கணும், யாரையாவது வரச் சொல்லுங்கன்னாங்க. யாரு இருக்கா, கற்பகம்தான். எனக்கு இஷ்டமில்ல. மருத்துவத்துக்குன்னு சொன்னப்புறம் எப்படி மறுக்கிறது? வந்தா. அழக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, அழல, அதைச் சொல்லணும். அக்கா அக்கான்னு கூப்பிட்டா. இவ ஒண்ணும் செய்யல. கண்ணை மூடியே கிடந்தா. நான் பக்கத்துல நின்னு, "இந்திரா, கற்பகம் வந்திருக்கா பாரு, கண்ணைத் திற, கண்ணைத் திற"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். திறக்கல. டாக்டரம்மா, "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க"ன்னாங்க.

வராந்தாவுல குடிதண்ணி கேன் பக்கத்துல நின்னேன். கதவு பாதி சாத்தியிருக்கு. கற்பகம் ஏதோ பேசுற சத்தம். கடைக்கு வர்ற ஒரு பொம்பளை, தான் குண்டானதை ஒத்துக்காம, ஜாக்கெட்டைச் சின்னதாத் தைச்சிட்டேன்னு சண்டை போட்ட கதை. அந்தப் பொம்பளை மாதிரியே குரலை மாத்திப் பேசுறா. எனக்கு எரிச்சல், இதையெல்லாமா பேசுறதுன்னு. அப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு. தொண்டை ஓட்டையை மூடி அதுவரைக்கும் ஆறு மாசம் ஆயிருக்கும், ஒரு முனகல்கூட என் காதுல விழுந்ததில்ல. "ஹே"ன்னு ஒரு சத்தம். மூச்சும் குரலுமா. திரும்பவும் "ஹே, ஹே"ன்னு. கற்பகம் வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடி வந்தா. "சிரிக்கிறா அத்தான்! அக்கா சிரிக்கிறா!"

நான் உள்ள ஓடினேன். "இந்திரா!"ன்னேன். கண்ணை மூடியிருந்தா.

அது ரிஃப்ளெக்ஸ் தம்பி. கொட்டாவி விடுறது, பல்லைக் கடிக்கிறது மாதிரி, தானா வர்றது. கற்பகத்துக்கு அதெல்லாம் தெரியாது, நாலு நாள் வந்து பாத்தவ. ஆனா டாக்டரம்மாவும் அதை ரிஃப்ளெக்ஸுன்னு எழுதல. ஏன்னு எனக்குப் புரியல.

அதுக்கப்புறம் கட்டைவிரல். வலது கைக் கட்டைவிரல் கொஞ்சம் அசையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஆமான்னா தூக்கு, இல்லைன்னா சும்மா இருன்னு பழக்கினாங்க. உங்க பேரு இந்திராணியா? தூக்கினா. உங்க பேரு கற்பகமா? சும்மா இருந்தா. இது ராத்திரியா? சும்மா இருந்தா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது. ஆனா அடுத்த நாள் எல்லாத்துக்கும் தூக்குறா, அதுக்கு அடுத்த நாள் எதுக்கும் தூக்கல. டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க, "இது உறுதியாகிற வரைக்கும் பெரிய கேள்வி எதுவும் கேக்காதீங்க. பேரு கேளுங்க, கிழமை கேளுங்க, போதும்."

கற்பகம் கேட்டுட்டா. ஒரு சாயங்காலம், டாக்டரம்மா இருக்கும்போதே, யாரும் தடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டுட்டா. "அக்கா, என்கூட வர்றியா?"

தூக்கினா தம்பி.

நான் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். அவ என்னைப் பாக்கல. கற்பகம் திரும்பவும் கேட்டா. திரும்பவும் தூக்கினா. "அத்தான்கூட இருக்கியா?"ன்னு கேட்டா. விரல் அப்படியே கிடந்துச்சு.

"இது செல்லாது டாக்டர், நீங்கதானே சொன்னீங்க, உறுதியில்லைன்னு!" அப்படின்னு நான்தான் கத்தினேன். ஆஸ்பத்திரியில கத்தக் கூடாதுன்னு தெரியும், கத்திட்டேன். டாக்டரம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. "இதை வெச்சு நான் எதையும் முடிவு பண்ண முடியாது. இதை இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது"ன்னாங்க. கற்பகம் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு என்னென்னமோ கேட்டா. அவங்களால என்ன செய்ய முடியும்? அவங்க டாக்டர்தானே. வீட்டுக்காரன் நான். கையெழுத்துப் போடுறது நான். கூட்டிட்டு வந்துட்டேன்.

டாக்டரம்மா, வாரம் ஒரு தடவையாவது தங்கச்சியை விடுங்க சார், குறைஞ்சது போன்லயாவது பேச வைங்கன்னாங்க. விட்டேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. ரெண்டு தடவை வந்தா. அவ போனதும் இவளுக்குக் காய்ச்சல். கற்பகம் பஸ்ல வர்றவ, எந்தக் கிருமியைத் தூக்கிட்டு வர்றாளோ. நுரையீரல்ல சளி கட்டினா அவ்வளவுதான், தெரியும்ல? வர வேண்டாம்னேன். போன் பேசினா அன்னைக்கெல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பி வாசலைப் பாக்குறா, கழுத்து விறைச்சுப் போகுது. அதையும் நிறுத்திட்டேன். அவ நல்லதுக்குத்தான். வேற யாரு இருக்கா, அவ நல்லதைப் பாக்க?

என்ன கேட்டீங்க?

நானா? நான் எதுக்கு அவகிட்டக் கேக்கணும்?

...கேட்டேன். போன மாசம். மத்தியானம், குளிப்பாட்டித் துணி மாத்திவிட்டு, நல்ல வெளிச்சம், நல்ல முழிப்பு. டாக்டரம்மா செய்யிற மாதிரியே பக்கத்துல உக்காந்தேன். கண்ணை மூடிக்கிட்டாலும் விரல் இருக்கே, அதைப் பாத்தாப் போதும்னு. உன் பேரு இந்திராணியா? தூக்கினா. உன் பேரு கற்பகமா? சும்மா இருந்தா. இது ராஜபாளையமா? தூக்கினா. இது மதுரையா? சும்மா. இப்ப மழை பெய்யுதா? சும்மா. நாம இருக்கிறது வீட்டுலயா? தூக்கினா. மாத்தி மாத்திக் கேட்டேன், சுத்தி வளைச்சுக் கேட்டேன். ஒண்ணு தப்பல தம்பி. ஆஸ்பத்திரியிலகூட அப்படிச் செஞ்சதில்ல. ஒண்ணுகூடத் தப்பல.

அப்ப அவ கண்ணைத் திறந்தா. நான் பேசிக்கிட்டிருக்கும்போதே திறந்தா. என் வழியா சுவத்தை இல்ல, என்னைப் பாத்தா. இத்தனை நாள்ல முதல் தடவை. இமைக்கல. விரலை லேசாத் தூக்கத் தயாரா வெச்சுக்கிட்டு, அடுத்து என்ன கேக்கப்போறேன்னு பாத்துக்கிட்டே இருக்கா.

கேக்க வந்ததை விட்டுட்டு, "தண்ணி வேணுமா?"ன்னேன்.

விரல் அசையல. கண்ணையும் எடுக்கல.

மாடியில துணி காயுது, எடுக்கணும்னு எந்திரிச்சு வந்துட்டேன். படியிலயே உக்காந்துட்டேன், துணி எடுக்கல. ரொம்பக் களைச்சிருப்பா, அதுக்கு மேல கேட்டா தாங்காது. அன்னைக்கு ஒண்ணுகூடத் தப்பலைங்கிறதை டாக்டரம்மாகிட்ட இன்னும் சொல்லல. சொல்லணும். அடுத்த தடவை போறப்ப சொல்லணும். சொன்னா அவங்க வந்து கேப்பாங்க. கேட்டா... பாத்துக்கலாம்.

உங்க அண்ணனைப் பத்தித்தான் பேச வந்தீங்க, நான் என்னென்னமோ பேசிட்டேன். கண்ணாடி வெச்சுப் பாருங்க. அண்ணி பேசட்டும், சிநேகிதங்க பேசட்டும், யாரு வந்தாலும் பேச விடுங்க. எதுக்கு அசையிறாருன்னு நல்லாக் கவனிங்க. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

போறதுக்கு முன்னாடி ஒரு ஒத்தாசை. ரெண்டு மணிக்கொருக்கா புரட்டிப் படுக்க வெக்கணும், தனியாச் செஞ்சு செஞ்சு எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. இப்படி வாங்க. தோளுக்கு அடியில கையைக் கொடுங்க. மெதுவா. இந்த நேரத்துக்குச் சுவத்துப் பக்கம்.

கண்ணைத் திறந்துட்டாளா? உங்களைத்தான் பாக்குறா. புது ஆளுல்ல, அதான். விரலா? அது அப்படித்தான் அசையும், விடுங்க.

வேண்டாம் தம்பி. ஒண்ணும் கேட்டுறாதீங்க. தூக்குங்க.